ரத்தத்துல பயோமார்க்கர் தேட மாஸ் ஸ்பெக்கா, ஒலிங்க்கா, சோமாஸ்கேனா?

பயோமார்க்கர்னா நோயக் காட்டிக் குடுக்குற அடையாளம், இங்க அது ஒரு புரோட்டீன். அத அளக்குற இந்த மூணு முறைல எது பெஸ்ட்னு கேட்டா, நீங்க தேடுற புரோட்டீன் ரத்தத்துல எவ்ளோ இருக்கும்னுதான் திருப்பிக் கேப்பேன். ஆல்புமின் ஒரு மில்லிக்கு 40 மில்லிகிராம் கிட்ட கெடக்கு, இன்டர்லூக்கின்-6ங்கிற சைட்டோகைன் (நோயெதிர்ப்பு செல்கள் சேதி சொல்ல அனுப்புற புரோட்டீன்) நல்லா இருக்குற ஆளுக்கு சில பிக்கோகிராம்தான், கிட்டத்தட்ட ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம், இதையெல்லாம் ஒரே டியூப்ல வெச்சு அளக்கணும்.

மாஸ் ஸ்பெக்ல, அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரில, டிரிப்சின்ங்கிற என்சைம் போட்டு புரோட்டீன துண்டு துண்டா வெட்டி அந்த பெப்டைடுகளோட எடையப் பாக்குறோம். என்ன தேடுறோம்னு முன்னாடியே சொல்ல வேணாம், பாஸ்பேட் ஒட்டியிருந்தாக்கூட காட்டிக் குடுத்துடும். சிக்கல் என்னன்னா ஆல்புமின் கூட்டத்துல சைட்டோகைன் சத்தமே கேக்காது. டிப்ளீஷன் பண்ணி அதிகமா இருக்குற 14 புரோட்டீன வெளிய எடுக்கலாம், ஆனா ஆல்புமின் முதுகுல ஏறி சவாரி பண்ற சின்னப் பசங்களும் கூடவே போயிடுவாங்க.

ஒலிங்க் ஐடியா எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு புரோட்டீனுக்கு அதுல ஒட்டுற ரெண்டு ஆன்டிபாடி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிஎன்ஏ வால், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்தாதான் வால்கள் சேரும், பாலிமரேஸ் என்சைம் அந்த டிஎன்ஏவ நீட்டும், சிக்னல் வரும். ஒரு ஆன்டிபாடி மட்டும் தப்பா ஒட்டினா ஒண்ணும் நடக்காது. சில மைக்ரோலிட்டர் பிளாஸ்மா போதும், அதான் யூகே பயோபேங்க்ங்கிற பெரிய பிரிட்டிஷ் ஆய்வுல 50,000 பேருக்கு மேல இதுல ஓட்டுனாங்க. சோமாஸ்கேன்ல வலை இன்னும் பெருசு, 11,000 அளவீடு வரைக்கும் போகுது, ஆனா புரோட்டீனுக்கு பெரும்பாலும் ஒரே அப்டமர் (புரோட்டீன்ல ஒட்டுற சின்ன டிஎன்ஏ துண்டு), அதாவது ஒரே கொக்கி.

ஒலிங்க், சோமாஸ்கேன் ரெண்டுக்கும் பொதுவா ஒரு குறை இருக்கு. ஒட்டுற எடத்துல ஒருத்தருக்கு மியூட்டேஷன் இருந்தா, புரோட்டீன் அளவு மாறாமலே ரீடிங் மாறிடலாம். அதோட பெரிய பேனல்கள்ல வர்ற நம்பர் பெரும்பாலும் ரிலேட்டிவ்தான், அதாவது சாம்பிளுக்கு சாம்பிள் ஒப்பிடத்தான் உதவும், நானோகிராம்ல கெடைக்காது. ஒரே சாம்பிள ரெண்டுலயும் ஓட்டுனா சில புரோட்டீனுக்கு ஒத்தே போகாது, இது பாக்குறவங்களுக்கு முதல்ல ஷாக்காத்தான் இருக்கும்.

என் கணக்கு இதுதான்: சாம்பிள் கம்மி, என்ன மாறுதுன்னே தெரியலன்னா மாஸ் ஸ்பெக், ஆயிரக்கணக்குல சாம்பிள், சைட்டோகைன் வேணும்னா ஒலிங்க். சோமாஸ்கேன்ல ஹிட் வந்தா, மாஸ் ஸ்பெக்ல பெப்டைடாவோ, வேற ஆன்டிபாடி வெச்ச எலைசாங்கிற டெஸ்ட்லயோ பாக்காம நான் நம்ப மாட்டேன். 1971ல வந்த எலைசா ஒரு நேரத்துல ஒரு புரோட்டீன்தான் பாக்கும், ஆனா உறுதிப்படுத்த இன்னிக்கும் அதத்தான் தேடிப் போறோம்.

எத எடுத்தாலும் சென்ட்ரிஃபியூஜ்ல இருந்து வர்ற டியூப ஒரு தடவ வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. பிளாஸ்மா வைக்கோல் நிறத்துக்குப் பதிலா ரோஸா இருந்தா செவப்பணு ஒடஞ்சு கேட்டலேஸ் மாதிரி அதோட சரக்கெல்லாம் கலந்திருக்கு, அது எந்த மெஷின்லயும் அழகான மார்க்கர் மாதிரியே தெரியும். நோயாளி சாம்பிள் ஒரு பிளேட், கன்ட்ரோல் ஒரு பிளேட்னு பிரிச்சு வெச்சாலும் இதே கதிதான், பிளேட்டுக்கு பிளேட் வர்ற வித்தியாசம் நோயோட வித்தியாசம் மாதிரி தெரியும். கலச்சுப் போட்டு ஒவ்வொரு பிளேட்லயும் ஒரே பூல்டு சாம்பிள (பல பேரோட பிளாஸ்மாவ ஒண்ணா கலந்தது) சேத்து ஓட்டுங்க.