நடவுக்குப் போகும் தாய்: வீட்டில் பிள்ளைக்கு எந்தப் பால்?

மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், மூன்று நான்கு மாதப் பிள்ளை வைத்திருக்கும் பெண்களுக்கும் வயலில் இருந்து ஆள் வந்துவிடும். தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கம்பெனி வேலையில் இருப்பவருக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். நடவு ஆளுக்கு அப்படி எதுவும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தவணை தவணையாக வருவது உதவிதான், ஆனால் நடவுக் காலத்துக் கூலியை அது ஈடுகட்டாது. அதனால் போகத்தான் வேண்டியிருக்கிறது. காலையில் கிளம்பினால் வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அதுவரை பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

பெரும்பாலான வீடுகளில் முதலில் வருவது மாட்டுப்பால் யோசனை. "நம்ம வீட்டு மாடு, கலப்படமே இல்லை" என்பார்கள். பால் சுத்தமாக இருக்கலாம், ஆனால் அது கன்றுக்கான பால். தாய்ப்பாலைப் போல மூன்று மடங்கு புரதம், கூடவே உப்புச்சத்தும் அதிகம். பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது பெரிய சுமை. இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் பிள்ளைக்கு ரத்தசோகை வரக்கூடும். தண்ணீர் கலந்தால் சுமை குறையும், சத்தும் சேர்ந்து குறையும். ஒரு வயது முடியும்வரை இதைத் தள்ளி வைத்துவிடலாம்.

பவுடர் பால் அதைவிட மேல். குழந்தைக்கென்றே அளவு பார்த்துச் செய்தது. தாய் இல்லாத பிள்ளைக்கும், மருத்துவக் காரணத்தால் தாய்ப்பால் தர முடியாதவர்களுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. அப்படிக் கொடுப்பவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நம் ஊரில் அதை ஒழுங்காகக் கொடுப்பது கடினம். முழுக்கப் பவுடரையே நம்பினால், நான்கு மாதப் பிள்ளைக்கு 400 கிராம் டப்பா மூன்று நான்கு நாளில் தீரும். விலைக்குப் பயந்து ஒரு கரண்டி குறைத்துப் போடுவார்கள், பிள்ளை மெலியும். பவுடரில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் கொதித்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலந்து, பிறகு ஆறவைத்துப் புகட்ட வேண்டும். கடைமடைப் பக்கம் பல ஊர்களில் அடிபம்புத் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. இத்தனைக்கும் மேலாக, வயிற்றுப்போக்கையும் சளிக் காய்ச்சலையும் எதிர்க்கத் தாய்ப்பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருள்கள் எந்த டப்பாவிலும் வராது.

என் பரிந்துரை, தாய்ப்பாலையே பீய்ச்சி வைத்துவிட்டுப் போவது. செலவில்லை, இயந்திரமும் தேவையில்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவி, மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் கட்டைவிரலும் எதிரே மற்ற விரல்களும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்திப் பிறகு சேர்த்துப் பிடிக்க வேண்டும். தோலில் விரலை இழுக்கக் கூடாது. கொதிநீரில் போட்டு எடுத்த எவர்சில்வர் டம்ளரில் பிடித்து மூடி வைத்தால் வெளியில் நாலு மணி நேரம் தாங்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் அதற்கும் முன்னாலேயே கொடுத்துவிடுவது நல்லது. வயலில் அதைவிட நேரமாகும் என்றால் ஃபிரிட்ஜ் வேண்டும். உள்பக்கமாக வைத்தால் ஒரு நாள் தாராளமாக இருக்கும். மேலே கொழுப்பு ஏடு போல மிதப்பதைப் பார்த்து "கெட்டுப்போச்சு" என்று கொட்டிவிடுகிறார்கள், அப்படி வீணாக்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீரில் பாத்திரத்தை வைத்தால் போதும். புகட்டுவதற்குப் பாட்டில் வேண்டாம், சங்கோ பாலாடைக் கிண்ணமோ நல்லது, கழுவுவது சுலபம்.

இதில் உள்ள சிரமத்தையும் சொல்ல வேண்டும். பீய்ச்ச இருபது நிமிடமாவது ஆகும். விடியற்காலையில் சோறும் வடித்து, தண்ணீரும் பிடித்து, இதையும் ஒரே பெண் செய்ய முடியாது. கணவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டால் நடக்கும். "பால் பத்தலை" என்று மாமியார் சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் பதற்றம் கூடும், பதற்றத்தில் பால் இறங்காது. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் பிள்ளை சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். எவ்வளவு வெயிலானாலும் ஆறு மாதம்வரை பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம், பாலிலேயே பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரும் வயிறார சோறும் தாய்க்குத்தான் வேண்டும்.

வயல் பக்கத்தில் இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் யாராவது பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து பால் குடிக்க விடுவது. மார்பில் பால் கட்டாது, பிள்ளை குடிக்கக் குடிக்கச் சுரப்பும் குறையாது. நாள் முழுக்கத் தூளி கட்டி வரப்பில் போடுவது அப்படியல்ல; மருந்து அடித்த வயல் ஓரத்தில் அது ஆபத்து. பிள்ளை வர முடியாத நாளில், அந்தப் பெண் மறைவாகப் போய்க் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு வர மேஸ்திரி கால் மணி நேரம் விட வேண்டும், கூலியில் பிடிக்காமல்.

நடவுக்கு இரண்டு வாரம் முன்பே பீய்ச்சிப் பழகுங்கள். சங்கில் புகட்ட அப்பத்தாவோ அம்மாச்சியோ பழகிக்கொள்ளட்டும். இரவில் கட்டாயம் நேரடியாகவே கொடுங்கள், சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் அப்போதுதான் கூடுதலாக இருக்கும். மார்பு கல்லாக வலித்துக் காய்ச்சல் வந்தால் கொடுப்பதை நிறுத்தாமல், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.