பெட்டியில் எழுதிய எண்ணும் படகில் கிடைத்த எண்ணும்

மணிக்கு 1100 கேலன் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த பில்ஜ் பம்பு (படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றுவது), என் படகில் பொருத்திய பின் 700 கேலனைக்கூட எட்டவில்லை. பம்பில் பழுது எதுவும் இல்லை. செய்தவர்கள் பொய் சொல்லவும் இல்லை. இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.6 வோல்ட்டில், தண்ணீரை மேலே ஏற்றும் வேலையே கொடுக்காமல் அளந்த எண் அது. படகின் அடியில் தேங்கிய நீர் பக்கச்சுவர் வழியாக ஒரு மீட்டர் ஏறித்தான் வெளியே போக வேண்டும். இன்ஜின் நின்றுபோன நேரத்தில்தான் பம்பு அதிகம் தேவைப்படும், அப்போது 13.6 வோல்ட் இருக்காது.

தூண்டில் மீன்பிடிப்புக்கென்று நான் வாங்கியது 7 மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. நடுவில் சுக்கான் மேடை, பின்னால் ஒரு அவுட்போர்டு இன்ஜின். இன்னொருவர் ஓட்டிய படகு என்பதால் உடல் மட்டும் நன்றாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். தொழில் முறையில் நான் மின்பணியாளன். வோல்ட் மீட்டரில் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. அதனால் கருவிகளைப் பற்றிய இந்த மதிப்பீட்டில் பளபளப்பையும் வண்ணத்தையும் விட்டுவிட்டு, சொன்ன எண்ணைப் படகில் கொடுக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறேன்.

பம்பிலிருந்தே தொடங்குகிறேன். 20 லிட்டர் வாளியும் நிறுத்து கடிகாரமும் போதும். 1100 அமெரிக்க கேலன் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 69 லிட்டர். வாளி 17 விநாடியில் நிறைய வேண்டும். எனக்கு 28 விநாடி ஆனது. கடிகாரத்தைப் பிடித்திருந்த தம்பி, "அண்ணா, இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டான். திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே வரி வரியாக மடிப்புள்ள குழாயை எடுத்துவிட்டு உட்புறம் வழவழப்பான குழாயைப் போட்டேன். பழைய மெல்லிய கம்பியில் மட்டும் 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. தடித்த கம்பி இழுத்தேன். வாளி 22 விநாடியில் நிறைந்தது. அதே பம்புதான்.

இன்னொரு கணக்கையும் படகு வாங்குபவர்கள் போட்டுப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை விழுந்தால், நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். இந்த அளவுள்ள எந்த ஒற்றைப் பம்பும் அதற்கு ஈடு கொடுக்காது. மழைநீர், அலைத் தெறிப்பு, இரை மீன்களை உயிரோடு வைக்கும் இரைத்தொட்டியின் கசிவு ஆகியவற்றுக்குத்தான் பம்பு. துளை விழுந்தால் அது வாங்கித் தருவது சற்று நேரம் மட்டுமே. ஆகவே இரண்டு பம்புகள் வைத்தேன்: சிறியது மிகத் தாழ்ந்த இடத்தில், பெரியது ஒரு சாண் மேலே, அதனுடன் அபாய ஒலிப்பானும். தண்ணீர் ஏறினால் பம்பைத் தானே ஓட்டும் மிதவை சுவிட்சுகள் இரண்டையும் முதன்மைச் சுவிட்சைத் தாண்டி, தனித்தனி ஃபியூஸ் வழியாக நேரடியாக பேட்டரியில் இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் அவை விழித்திருக்கும். மிதவைக்குக் கூண்டு போட்ட வகையையே வாங்குங்கள். திறந்த கையுள்ள மிதவையின் அடியில் ஒரு தூண்டில் நரம்புத் துண்டு சிக்கினாலும் அது எழும்பாது.

கம்பியைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். வீட்டுக்குப் போடும் கம்பி படகுக்கு ஆகாது. வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி வேண்டும். பூசாத செம்பு உறைக்குள்ளேயே உப்பேறிக் கறுத்துவிடும். பழைய வயரிங்கின் உறையைச் சீவிப் பார்த்தபோது முனையிலிருந்து ஒரு முழம் வரை கறுத்திருந்தது. முனைகளுக்குச் சூட்டில் சுருங்கும், உள்ளே பசையுள்ள உறைகள் போட்டேன். ரேடியோ, வழிவிளக்கு, பம்பு போன்ற உயிர்காக்கும் இணைப்புகளில் மின்னழுத்த இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது படகுத் தொழிலில் ஏற்ற அளவு. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். மீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அவர்களை நம்பி ஏறுபவர்களுக்கு அந்தக் கம்பி கண்ணில் படுவதில்லை.

பேட்டரி இரண்டு. ஒன்று இன்ஜினைக் கிளப்ப, மற்றொன்று கருவிகளுக்கு. இடையில் இருக்கும் மின்னழுத்த ரிலே, இன்ஜின் ஓடி முதல் பேட்டரி நிறைந்த பிறகே இரண்டாவதைச் சேர்க்கிறது. 100 ஆம்பியர்-மணி என்று எழுதிய ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டுமே எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். இரைத்தொட்டிப் பம்பு நாள் முழுதும் ஓடும் படகில் இந்தப் பாதிக் கணக்கு முக்கியம்.

அடுத்தது ரேடியோ. படகுகள் கடலில் பேசப் பயன்படும் 25 வாட் நிலையான விஎச்எஃப் ரேடியோ ஒன்றை மேடையில் பதித்தேன். ஒலி நன்று, திரை வெயிலிலும் தெரிகிறது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வாட்டைவிட ஆன்டெனாவின் உயரமே தொலைவைத் தீர்மானிக்கிறது. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் முனை இருந்தால் அதன் அடிவானம் சுமார் 4.5 கடல் மைல். அதே உயரமுள்ள இன்னொரு படகுடன் பேச 9 கடல் மைல் வரை எதிர்பார்க்கலாம். கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால் 20 வரை போகும். கைப்பிடியில் வைத்துப் பேசும் சிறிய ரேடியோவுக்கு இந்த உயரம் கிடைக்காது. அது மிதக்கும் வகையாக இருப்பது நல்லது; ஆனால் அதை மட்டுமே நம்பி ஆழக்கடலுக்குப் போவதை நான் ஒப்பமாட்டேன்.

அந்த ரேடியோவில் மூடியிட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் 70ஆம் அலைவரிசையில் ஆபத்துச் செய்தி எண் வடிவில் போகும். பேச்சு 16இல் தொடரும். அந்தச் செய்தியில் படகு இருக்கும் இடமும் சேர்ந்து போக, ரேடியோவில் ஜிபிஎஸ் இணைந்திருக்க வேண்டும். படகுக்குரிய ஒன்பது இலக்க அடையாள எண்ணையும் பதிந்திருக்க வேண்டும். என் படகில் இருந்த பழைய ரேடியோவில் இரண்டும் செய்யப்படவில்லை. இணைப்புக் கம்பி அப்படியே சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. யார் பொருத்தினார்களோ, அந்தச் சுருட்டை அவிழ்க்கக் கால் மணி நேரம் கூட ஆகியிருக்காது.

இன்னொரு சோதனை. ரேடியோவை அமைதியான அலைவரிசையில் வைத்து, இரைச்சல் அடங்கும் புள்ளி வரை ஸ்குவெல்ச் குமிழைத் திருப்புங்கள். பிறகு எல்இடி விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கு ரேடியோவைக் கெடுக்கிறது. நான் வாங்கிய தள விளக்குகளில் ஒரு ஜோடி இந்தச் சோதனையில் தோற்றது. வெளிச்சம் அருமையாக இருந்தும் கழற்றிவிட்டேன்.

ஆபத்துச் சமிக்ஞைக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதாக இருக்க வேண்டும். ஆபத்துச் சமிக்ஞைகளைக் கேட்கும் பன்னாட்டு அமைப்பான கோஸ்பாஸ்-சார்சாட்டின் செயற்கைக்கோள்கள் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸைக் கேட்பதை 2009 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டன. இன்று அந்த அலை அருகில் வந்த மீட்புக்குழு திசை பிடிக்க மட்டுமே உதவும். பழைய படகுடன் அத்தகைய கருவி வந்தால் அதை நம்பிவிடாதீர்கள். படகுக்கான கருவி 48 மணி நேரமும், உடலோடு அணியும் சிறிய வகை 24 மணி நேரமும் அலை அனுப்பும்படி வடிவமைக்கப்படுகின்றன. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், இரண்டையும் பதிவு செய்திருக்கிறேன்.

ஒலியால் மீனைத் தேடிக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டருக்கு வருகிறேன். எல்லோரும் திரையின் அகலத்தைக் கேட்கிறார்கள். படகின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரைக் கேளுங்கள். மீனைப் பார்ப்பது அதுதான், திரை வெறுமனே வரைகிறது. ஒலி கடல்நீரில் விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். 200 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 7.5 மில்லிமீட்டர், 50 கிலோஹெர்ட்ஸில் 3 சென்டிமீட்டர். முன்னது நுணுக்கமாகக் காட்டும், ஆழம் போகாது. பின்னது ஆழம் போகும், அருகருகே நிற்கும் மீன்களைப் பிரித்துக் காட்டாது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தால், எந்த அலைவரிசையில் என்று பாருங்கள்.

வி வடிவ அடியுள்ள படகில் டிரான்ஸ்டியூசரை அப்படியே பதித்தால் ஒலி சாய்வாகப் போகும். ஏர்மார் பி175 வகையில் உள்ளிருக்கும் தட்டு 0, 12, 20 பாகை சாய்வுகளில் கிடைக்கிறது. என் படகின் அடி, பதிக்கும் இடத்தில் 19 பாகை. 20 பாகை வகையை எடுத்தேன். வெளிப்புறம் வழவழப்பாக இருப்பதால் குமிழி குறைவு. 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்திலும் திரையில் கடலடிக் கோடு அறுபடாமல் நிற்கிறது. வாங்கிய எல்லாவற்றிலும் எனக்கு முழு மனநிறைவு தந்தது இதுதான். படகில் துளை போட அஞ்சி, உட்புறம் ஒட்டும் வகையைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அடிப்பகுதி திடமான கண்ணாடியிழையாக இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவில் மரமோ நுரையோ இருந்தால் ஒலி அங்கேயே அடங்கிவிடும்.

துளை என்றதும் மனம் கொதிக்கிறது. பழைய தூண்டில் கம்புத் தாங்கிகளைக் கழற்றியபோது ஒவ்வொரு திருகுத் துளையிலிருந்தும் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்தது. மேல்தளத்தின் நடுவில் இலகு மரம் இருக்கிறது. அதில் நேராகத் திருகை முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். முறை இதுதான்: தேவையைவிடப் பெரிய துளை போட்டு, உள்ளிருக்கும் மரத்தைச் சுரண்டி, காய்ந்தபின் கெட்டியாக்கிய எபாக்ஸிப் பிசினால் நிரப்பி, அது இறுகிய பிறகு சரியான அளவில் மீண்டும் துளைக்க வேண்டும். அப்போது திருகு மரத்தைத் தொடவே தொடாது. மெதுவான வேலை, அலுக்கும். ஆனாலும் அதன் மேல் நிற்கும் கம்பைப் பெரிய மீன் இழுக்கும்போது தளம் பிய்ந்து வராது. அடியில் தடித்த தாங்குதகடு, 316 தர எஃகுத் திருகுகள், கழற்ற முடிந்த வகைப் பசை. 3எம் 5200 போன்ற நிரந்தரப் பசை உறுதியானதுதான். நாளை கழற்ற வேண்டிய பொருளுக்கு அதைப் போடக்கூடாது.

தாங்கிகளில் பின்மூலைக்கு 15 பாகை, பக்கத்துக்கு 30 பாகை. அடியில் குறுக்கு ஊசி உள்ளதை வாங்குங்கள், கம்பு சுழலாது. உயிர் இரைத்தொட்டி மூலையில்லாமல் வளைவாக இருக்கட்டும். வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

ரீலும் நரம்பும் சேர்ந்துதான் ஒரு கருவி. இரண்டு வேகமுள்ள, நெம்புகோல் இழுவை ரீல்கள் வாங்கினேன், 50 பவுண்டு வகுப்பு. 1939இல் தொடங்கிய ஐஜிஎஃப்ஏ (பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம்) சாதனைகளைப் பதிவு செய்யும் வகுப்பில் இது 24 கிலோ. இங்கே எண் எதிர்த்திசையில் ஏமாற்றும். சாதாரண நரம்பில் 50 என்று எழுதியிருந்தாலும் அதற்கு மேல் நன்றாகத் தாங்கும். வகுப்புச் சான்றுள்ள நரம்பு ஈரமாக இருக்கும்போது 24 கிலோவுக்குள் அறுந்தே தீர வேண்டும். சாதனைப் பதிவு வேண்டுமென்றால் பின்னதுதான் வேண்டும். இழுவையை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு வைக்கிறேன், 8 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து 'போதும்' என்பவர்கள் ஒரு முறை வில்தராசை மாட்டிப் பார்க்கட்டும். கை 8 கிலோ என்று நினைப்பது தராசில் வேறாக வரும்.

படகின் இருபுறமும் வெளியே நீளும் அவுட்ரிகர் கம்புகள் 4.5 மீட்டர், நீட்டி மடக்கும் கார்பன் இழை. போலி இரைகளை இன்ஜின் நுரைக்கு வெளியே தெளிந்த நீரில் இழுக்க உதவுகின்றன. இதற்கு மேல் நீளமானவை 7 மீட்டர் படகுக்கு அதிகம். அலையில் ஆடி அடித்தாங்கியைப் பெயர்க்கும். கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதால் ரேடியோ ஆன்டெனாவிலிருந்து விலக்கியே நிறுத்தினேன்.

பெரிய மீனோடு உட்கார்ந்து போராடும் சண்டை நாற்காலி இந்த அளவுப் படகுக்குத் தேவையில்லை. நின்றபடி போராட இடுப்புத் தாங்கியும் தோள்வாரும் போதும். அவற்றின் கொக்கி ஒரே இழுப்பில் விடுபடுகிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். ரேடார் இன்னும் வாங்கவில்லை. மேற்கூரையில் அதற்கான இடத்தை விட்டு, கம்பியையும் இழுத்து, ஃபியூஸ் பெட்டியில் ஓர் இடத்தையும் காலியாக வைத்திருக்கிறேன். அது வரும்போது முதலில் மீட்டரில் மின்னழுத்தம் பார்த்துவிட்டுத்தான் திரையைப் போடுவேன்.