அல்லித் தொட்டிக்குக் கப்பியா, முண்டக்கண்ணியா?

முற்றத்தில் இரண்டு அல்லித் தொட்டிகள் வைத்திருக்கிறேன். தண்ணீர் தேங்கினால் கொசுப்புழு வரும், அதைத் தின்ன மீன் வேண்டும். முதல் வருடம் கப்பி விட்டேன். இப்போது இரண்டு மழைக்காலமாக நம்மூர் மீனான முண்டக்கண்ணிதான். இனி மாற்றுவதாக இல்லை.

கப்பியின் நல்ல பக்கம் தெரிந்ததுதான். கடையில் சல்லிசாகக் கிடைக்கும், கலர் கலராக இருக்கும், அழுக்குத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். சாக்கடை கலக்கும் குட்டை என்றால் அதுதான் தாங்கும்.

முண்டக்கண்ணியை வயலோரக் குட்டையிலும் பாசி படர்ந்த வாய்க்கால் கரையிலும்தான் தேட வேண்டும். குனிந்து பார்த்தால் முதலில் மீன் தெரியாது. உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் புள்ளி மட்டும் மினுங்கும். இந்த இன மீன்களை மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். என்னிடம் இருப்பது அதில் சிறியது, அறிவியல் பெயர் ஆப்ளோகைலஸ் பார்வஸ். 1916இல் மீன் ஆய்வாளர் சுந்தர ராஜ் சென்னைப் பக்கத்து நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது பெயர் வைத்தது. தட்டை முதுகு, மேல்நோக்கிய வாய். கொசுப்புழு மூச்சுவிட வரும் நீர்மட்டத்திலேயே அசையாமல் நிற்கும். புழு வாலை மேலே நீட்டியதும் ஒரே பாய்ச்சல்.

இரண்டுமே புழுவைத் தின்னும். என் முடிவை மாற்றியது ஐப்பசி மழை.

கப்பி மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை இணைசேர்ந்த பெண் மீன், ஆணே இல்லாமல் பல மாதம் ஈன்றுகொண்டிருக்கும். மழை தொடங்கும்போது தொட்டி நிறையக் குஞ்சு. ஒரு ராத்திரி கனமழையில் தொட்டி வழிந்தது. காலையில் வாசல் வடிகாலில் கப்பிக் குஞ்சுகள் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. அந்த வடிகால் எங்கள் ஏரிக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்கு. தென் அமெரிக்காவின் வடகோடி மீன் இது, 1908இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்படி 1928இல் கொசுவுக்கென்றே வந்த இன்னொரு வெளிநாட்டு மீனான கம்பூசியா, தவளைக் குஞ்சையும் நம்மூர் மீன் குஞ்சையும் சேர்த்தே தின்கிறது. வெளியே போன மீனைத் திரும்பப் பிடிக்க முடியாது. அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

முண்டக்கண்ணி ஒவ்வொரு முட்டையாகச் செடி வேரில் ஒட்டும், பொரிய இரண்டு வாரம் ஆகும். பெரிய மீன்களே குஞ்சைத் தின்றுவிடுவதால் தொட்டியில் கூட்டம் சேராது. ஆறு விட்டேன், இப்போது ஒன்பது. அதிகம் வேண்டுமென்றால் முட்டை ஒட்டிய வேரை வேறு வாளிக்கு மாற்ற வேண்டும். மழையில் வழிந்து போனாலும் தான் பிறந்த தண்ணீருக்கே போகும். அதற்காகவே எங்கள் ஏரிப் பாசன வாய்க்காலில் மட்டும் பிடித்தேன்.

குறையும் உண்டு. துள்ளிக் குதித்துவிடும், முதல் வாரத்தில் மூன்று தரையில் கிடந்தன. இப்போது நைலான் வலை கட்டி, நீர்மட்டத்தை விளிம்புக்கு நாலு விரல் கீழே வைத்திருக்கிறேன். அப்புறம், கிணற்றில் நான் விட்டுப் பார்த்ததில்லை. வெயில் படும் செடித் தொட்டிக்கு மட்டுமே சொல்கிறேன்.