போர் வட்டப்பாதையா, அலைச்சார்பு ஆர்பிட்டாலா?

ப்ளஸ் ஒன் பசங்க நிறைய பேர் இதுல குழம்புறாங்க, எலக்ட்ரான் அணுக்கருவ வட்டமா சுத்துதுன்னு 1913ல நீல்ஸ் போர்ங்கற விஞ்ஞானி சொன்னத வச்சு அணுவ புரிஞ்சுக்கறதா இல்ல 1926ல ஷ்ரோடிங்கர் கொண்டுவந்த அலைச்சார்ப (எலக்ட்ரான் எங்க இருக்க எவ்ளோ வாய்ப்புன்னு கணக்கு போட உதவுற கணித சார்பு) வச்சான்னு.

கணக்கு: போருக்கு நாலு வரி போதும். அலைச்சார்புக்கு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வேணும்.

ஹைட்ரஜன் ஆற்றல்: ரெண்டுலயும் அடிமட்ட நிலைக்கு மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட் தான்.

தூரம்: போர்ல, முதல் வட்டத்துல எலக்ட்ரான் கரெக்டா 0.529 ஆங்ஸ்ட்ராம்ல சுத்தும். அலைச்சார்புல அது எலக்ட்ரான் கிடைக்க வாய்ப்பு அதிகமான தூரம், அவ்ளோதான், கிட்டயும் இருக்கலாம் தள்ளியும் இருக்கலாம்.

கோண உந்தம்: இங்கதான் போர் தப்பாயிடுது, முதல் வட்டத்துக்கு அவர் பூஜ்யம் இல்லாத மதிப்பு சொல்றார், ஆனா அலைச்சார்புப்படி 1எஸ்ல (ஹைட்ரஜனோட அடிமட்ட ஆர்பிட்டால்) அது பூஜ்யம்.

ஹீலியம்: போர் கணக்கு ஒத்தே வராது.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ஆர்பிட்டால்னா எலக்ட்ரான் போற ரோடு இல்ல, ஒரு எலக்ட்ரானோட அலைச்சார்பே தான் ஆர்பிட்டால், புக்ல இருக்கற டம்பெல் படத்துல போட்ட ப்ளஸ் மைனஸ் கூட சார்ஜ் இல்ல, அலைச்சார்போட குறி, ரெண்டு அணு சேரும்போது அந்த குறி ஒத்துப்போனா தான் பிணைப்பு உருவாகும், எவ்ளோ அழகான விஷயம் இது!

ஹைட்ரஜன் நிறமாலை வரிக்கு அலைநீளம் கண்டுபிடிக்கணுமா, போர் போதும். பிணைப்பு, மூலக்கூறு வடிவம்னு போனா ஆர்பிட்டால் இல்லாம நகரவே முடியாது.