கல்லறைக் கல்லில் எழுதப்படும் நம்பிக்கை: குன்னூர்க் கல் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையோரம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கல் பட்டறை இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் கல்லறைக் கல் வேண்டும்போது இங்கேதான் வருகின்றன. என் தாயாரின் கல்லறைக்கு இவர்கள் செய்து கொடுத்த கல்லைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். கல், எழுத்து, கூலி ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதோடு, சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கை செய்கிற ஒரு சபையாரின் கல்லறைக்கு இந்தப் பட்டறையின் வேலை பொருந்துகிறதா என்பதையும் பார்க்க விரும்புகிறேன். கிறிஸ்தவக் கல்லறைக் கல்லை வேறு எந்த அளவுகோலை வைத்து மதிப்பிட்டாலும் அது பாதி மதிப்பீடுதான்.

கறுப்பு கிரானைட், வெள்ளைப் பளிங்கு இரண்டும் இங்கே கிடைக்கின்றன. பளிங்கு கேட்டு வருபவர்களிடம் அது இந்த மலைக்கு ஒத்துவராது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி. மழைநீரில் இருக்கும் இலேசான அமிலமே பளிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். இரண்டு பருவமழையும் மூடுபனியும் உள்ள நீலகிரியில் பாசியும் சேர்ந்துகொள்கிறது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயம் 1830 நவம்பரில் பிரதிஷ்டை செய்யப்பட்டு, 1831 ஏப்ரல் 3 அன்று, உயிர்த்தெழுதல் ஞாயிறன்று, மக்கள் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதன் கல்லறைத் தோட்டத்தில் உள்ள பழைய பளிங்குக் கற்களைத் தடவிப் பார்த்தால் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பது விரலுக்கே தெரியும். நாங்கள் கறுப்பு கிரானைட்டை எடுத்துக்கொண்டோம்.

அளவெடுக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்த மேஸ்திரி, நாடாவைப் பிரிப்பதற்கு முன்பே, "கால் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். தலை மேற்கிலும் கால் கிழக்கிலும் இருக்கும்படி அடக்கம் செய்வது திருச்சபையின் நெடுநாள் வழக்கம். கர்த்தர் வரும் நாளில் எழுந்திருப்பவர் கிழக்கு நோக்கி எழுந்து நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. சரிவான நிலத்தைப் படிப்படியாக வெட்டி அடக்கம் செய்யும் நம் ஊர்த் தோட்டங்களில் எல்லாக் குழிகளும் அப்படி அமைவதில்லை. மேஸ்திரி எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தலைமாட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டார். படுத்திருப்பவர் எழுவார் என்ற எண்ணத்தோடு வேலையைத் தொடங்கும் ஒரு பட்டறைக்கு என் முதல் மதிப்பெண் இதற்காகத்தான்.

குறை என்று நான் சொல்ல வேண்டியது அவர்களுடைய மாதிரிப் புத்தகத்தைப் பற்றி. "ஆன்மா சாந்தியடைக", "உடல் மறைந்தாலும் உள்ளத்தில் வாழ்கிறாய்", "விண்ணில் நட்சத்திரமானாய்" போன்ற வரிகளே அதில் பெரும்பாலும் இருக்கின்றன. துக்கத்தில் இருக்கும் குடும்பம் யோசிக்கத் தெம்பில்லாமல் இவற்றில் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேறு இடங்களில் வசனங்கள் இன்னும் சுருங்கிவிடுகின்றன. இங்கே வரிக்கணக்கில் கூலி வாங்குவதால் ஒரு முழு வசனத்தையும் அச்சமின்றி எழுதச் சொல்லலாம். அந்த வரிகளை எழுதியவர்களின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் உடலை இங்கேயே உதறிவிட்டு ஆத்துமா மட்டும் தப்பிச் செல்வதுதான் நம் நம்பிக்கை என்றால், மூன்றாம் நாள் காலையில் இயேசுவின் கல்லறை வெறுமையாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் அவரோடு இருக்கிறார்கள் என்பது நமக்கு ஆறுதல்தான். அது காத்திருக்கும் காலம், முடிவு அன்று. உடலைச் சிறையாக எண்ணிப் பழகிய கிரேக்க உலகத்தில் இந்தப் போதனை எளிதாக விலைபோகவில்லை. ஏதென்ஸ் நகரத்து மார்ஸ் மேடையில் மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பவுல் பேசியபோது சிலர் இகழ்ந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. கொரிந்து சபைக்குள்ளேயே அப்படி ஒன்று இல்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள்; கி.பி. 55 வாக்கில் எழுதிய நிருபத்தில் பவுல் அவர்களுக்கு நிதானமாகவும் நீளமாகவும் பதில் சொல்கிறார். விதைத்த கோதுமை மணியும் முளைத்து நிற்கும் பயிரும் பார்வைக்கு ஒன்றல்ல. என்றாலும் அந்தப் பயிர் வேறெங்கிருந்தும் வந்ததன்று, அதே மணியிலிருந்து வந்தது. புதைக்கப்பட்ட இந்தச் சரீரமே மாற்றப்பட்டு எழும் என்பதைத்தான் அவர் அப்படி விளக்குகிறார். உயிர்த்தெழுந்த கர்த்தர் சீஷர்கள் முன் பொரித்த மீனைப் புசித்ததாக லூக்கா எழுதுகிறார். தோமாவுக்கு அவர் காட்டிய கைகளில் காயம் அப்படியே இருந்தது.

இதைச் சொல்லும்போது என் தாயாரின் கைகளை நினையாமல் இருக்க முடியவில்லை. எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தவர் அவர். கறை ஏறிக் கறுத்து, பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் வெடித்திருக்கும். இரத்தசாட்சிகளின் காயத்தழும்புகள் உயிர்த்தெழுந்த சரீரத்திலும் அவலட்சணமாக அல்லாமல் அழகாகவே விளங்கக்கூடும் என்று ஐந்தாம் நூற்றாண்டில் ஆயரும் இறையியலாளருமான அகஸ்டீன் எழுதினார். அன்பினால் உழைத்துக் கறுத்த விரல்களுக்கும் அப்படி ஒரு மகிமை உண்டு என்று நான் நம்புகிறேன். ஆகவே மாதிரிப் புத்தகத்தை மூடிவிட்டு, 1 கொரிந்தியர் 15:42 இலிருந்து "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்ற வரியை எழுதித் தரும்படி கேட்டோம். யோபு 19:26 உம் எங்கள் மனத்தில் இருந்தது. "தோல் முதலானவை அழுகிப்போனபின்பு" என்ற சொற்களைத் தங்கையால் தாங்க முடியவில்லை.

தகனம் செய்யப்பட்டவர்களுக்கும், உடலே கிடைக்காதவர்களுக்கும் இந்த நம்பிக்கை இல்லையா என்று யாரும் கலங்க வேண்டாம். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளைக் கண்டவர்களுக்கு இது வெறும் வாதப்பொருள் அன்று. மண்ணினால் மனுஷனை உருவாக்கியவருக்கு எலும்புகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டிய தேவையில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963 இல் தகனத்தை அனுமதித்தது. சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016 இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. அடக்கம் செய்வதையே அது இன்னும் விரும்பிப் பரிந்துரைப்பதற்குக் காரணம், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அது தெளிவாகக் காட்டுகிறது என்பதே.

இனி எழுத்து வேலை. எழுத்துகளை முதலில் தாளில் வரைந்து காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே கல்லில் வெட்டுகிறார்கள். தாளில் "எழுந்திருக்கும்" என்பதில் ககர ஒற்றின் புள்ளி விடுபட்டிருந்தது. சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் முழு வரியையும் மறுபடி வரைந்தார்கள். வாங்குபவர்கள் அந்தத் தாளை ஒரு எழுத்து விடாமல் வாசித்துப் பார்ப்பது நல்லது. வெட்டு ஆழமாகவும் ஓரம் பிசிறின்றியும் இருக்கிறது. தங்கநிறப் பூச்சு மட்டும் ஒரு மழைக்காலத்திலேயே மங்கத் தொடங்கிவிட்டது. ஆழமாக வெட்டியிருப்பதால் வாசிப்பதற்குத் தடையில்லை, எனினும் பூச்சு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மலையில் கல்லறைக்கு இடம் அருகிவருவதால் ஒரே குழியைக் குடும்பத்தார் பின்னர் திறந்து பயன்படுத்துவதுண்டு. அதை நினைவில் வைத்து, கல்லின் கீழ்ப்பாதியை அப்பாவின் பெயருக்காக வெறுமையாக விட்டுத் தந்தார்கள். அவரும் வந்து பார்த்து, வசனம் இருவருக்கும் பொதுவாக நடுவில் இருக்கட்டும் என்று இடத்தைக் காட்டினார்.

மண் இறங்கி உறைய ஒரு மழைக்காலமாவது கழிய வேண்டும் என்பதால் அடக்கம் முடிந்த உடனே கல்லை நாட்ட மறுக்கிறார்கள். அவசரப்படுத்த வேண்டாம், முன்பே நாட்டப்பட்ட கற்கள் பல சாய்ந்து நிற்பதைத் தோட்டத்திலேயே பார்க்கலாம். கான்கிரீட் அடித்தளத்துக்குத் தனிக் கூலி. அதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் வேலை குவிந்துவிடும். அதற்குள் கல் வேண்டுபவர்கள் ஆகஸ்டிலேயே வசனத்தைத் தேர்ந்தெடுத்து, தெளிவான கையெழுத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வேதாகமத்தைப் பார்த்தே எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம்.