லூசெர்ன் ஏரிக் கப்பலுக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள்

சுவிட்சர்லாந்து சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டியவர்களும் கட்டப்போகிறவர்களும் உங்கள் பயணத்திட்டத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் 'சுவிஸ் டிராவல் பாஸ் உட்பட' என்று ஒரு வரியும், சற்றுக் கீழே 'லூசெர்ன் ஏரியில் கப்பல் பயணம், கூடுதல் கட்டணம்' என்று இன்னொரு வரியும் இருந்தால், அந்த இரண்டாவது வரிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்தப் பாஸ், அந்த நாட்டின் ரயிலுக்கும் ஏரிக் கப்பலுக்கும் சேர்த்தே செல்லும் ஒரே பயணச்சீட்டு. நாங்கள் நான்கு பேருக்கு 34,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்.

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் பழுதுபார்க்க அங்கேதான் வரும். அவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. அந்த ஊரின் பெயரைத் தகட்டில் பார்த்துப் பார்த்தே அப்பாவின் வேலைக்காலம் கழிந்தது. லூசெர்ன் ஏரியில் இன்றும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் ஐந்து ஓடுகின்றன. அவற்றுள் 1901-இல் வந்த 'ஊரி', 1906-இல் வந்த 'ஷில்லர்' இரண்டையும் கட்டியது விண்டர்தூரைச் சேர்ந்த சுல்சர் ஆலை. பயணிகள் கப்பலுக்குள் நின்றபடியே எஞ்சின் ஓடுவதைக் குனிந்து பார்க்கலாம். 74 வயதில் அப்பா முதன்முதலாக விமானம் ஏறச் சம்மதித்தது அதற்காகத்தான்.

திருச்சியில் ஒரு பயண முகவரிடம் பதிவு செய்தேன். அப்பாவின் ஆசையை நானே அவரிடம் விவரமாகச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டுதான், "நீராவிக் கப்பலில் விட்ஸ்னாவ் வரை, அங்கிருந்து ரிகி மலை ரயில், ஆளுக்கு 8,500" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பதினோரு வயது மகளுக்கும் அதே தொகை. ரசீது கேட்டபோது பிறகு தருகிறேன் என்றார். அன்றே நான் விழித்திருக்க வேண்டும்.

லூசெர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் படகுத்துறை. பதினெட்டுப் பேர் நின்றோம். எல்லோருடைய பாஸ்களும் டூர் மேனேஜரின் கோப்பில் இருந்தன. ரயிலில் பரிசோதனை வரும்போது எடுத்துக் காட்டுவார், உடனே உள்ளே வைத்துக்கொள்வார். அன்று காலைப் பரிசோதனைக்குப் பிறகு எங்கள் நான்கு பேருடைய தாள்கள் மட்டும் தற்செயலாக என் கையிலேயே தங்கிவிட்டன.

துறையில் 'ஊரி' நின்றுகொண்டிருந்தது. அப்பா பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினார். டூர் மேனேஜரோ எங்களை வேறு பக்கம் நடக்கச் சொன்னார். அங்கே நின்றது ஒரு சிறிய மோட்டார் படகு, ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி வருவது. "ரிகியில் மேகம், மேடம். மேலே போனாலும் ஒன்றும் தெரியாது. இன்டர்லேக்கன் ரயிலையும் பிடிக்க வேண்டும்" என்றார். மலை உச்சி வரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டு ஒரு பெரியவர் அருகில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடங்களாக அந்த நாட்டிலேயே வாழ்பவர். என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்தப் பாஸ் இருக்கும்போது எதற்குக் காசு கொடுத்தீர்கள்? இதைக் காட்டிவிட்டு நேராக அந்தக் கப்பலில் ஏறலாமே. ரிகி ரயிலுக்கும் இதுவேதான். பிள்ளைக்கு 'சுவிஸ் ஃபேமிலி கார்டு' இருக்கிறது, அவளுக்கு எதுவுமே கட்டத் தேவையில்லை" என்றார். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். சங்கு ஊதியது. ஏறிவிடலாம் என்று நான் திரும்பியபோது கப்பலில் ஏறும் பலகையை எடுத்துவிட்டார்கள்.

மோட்டார் படகில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டிக்கெட்டில் அச்சிட்டிருந்த விலை, நாங்கள் கட்டியதில் பாதி கூட இல்லை. மீதி எங்கே போயிற்று என்று கேட்டேன். ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்றார் டூர் மேனேஜர்.

ரயிலைப் பற்றிச் சொன்னதும் உண்மை இல்லை. லூசெர்னிலிருந்து இன்டர்லேக்கனுக்கு மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது, அந்தப் பாஸுடன் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். விட்ஸ்னாவுக்குக் கப்பலில் சுமார் ஒரு மணி நேரம்தான். இறங்கும் இடத்திலேயே ரிகி ரயில் நிற்கிறது. 1871-இல் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் அது. ஊட்டி ரயிலில் வேலை பார்த்த கைகளுக்கு அதைத் தொட்டுப் பார்க்கும் நேரம் நிச்சயம் இருந்தது.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பாஸ் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் உள்ள ஒரு தாள். அதன் பிரதியைப் புறப்படும் முன்பே முகவரிடம் கேட்டு வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தர மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். கால அட்டவணைப்படி ஓடும் ஏரிக் கப்பல்களுக்கு அது செல்லும். தனியார் சுற்றுப் படகுகளுக்குச் செல்லும் என்று நம்பி ஏறாதீர்கள். பிலாட்டஸ் மலைக்குப் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும், ஆகவே அதற்குக் கூடுதல் பணம் கேட்டால் அதில் நியாயம் உண்டு. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பாஸ் வைத்திருக்கும் அப்பாவுடனோ அம்மாவுடனோ போனால் அந்த 'ஃபேமிலி கார்டில்' இலவசம். எந்தப் புறப்பாட்டுக்கு நீராவிக் கப்பல் வரும் என்பதைக் கால அட்டவணையில் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். அவை பெரும்பாலும் கோடைக்காலத்தில்தான் ஓடுகின்றன.

ஊர் திரும்பியதும் முகவரிடம் போனேன். விருப்பப் பயணத்துக்குப் பணம் திரும்பாது என்றார். வாட்ஸ்அப் செய்தியையும் படகு டிக்கெட்டையும் பாஸின் நகலையும் மேசையில் வைத்த பிறகு, மகளுக்கு வாங்கிய 8,500-ஐ மட்டும் தருவதாகச் சொன்னார். வாங்க மறுத்துவிட்டேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதில் தீரவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். எங்களோடு வந்த மற்ற பதினான்கு பேரும் இதே தொகையைக் கட்டியவர்கள்தான். அவர்களில் ஒரு குடும்பம் இதுவரை தனி மனுக் கொடுத்திருக்கிறது. மற்றவர்கள் இதைப் படித்தால் என்னை அழையுங்கள், ஆவணங்களின் நகல் தருகிறேன்.