2028: ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தினால் தேறும்?

2024 நவம்பர் 6, புதன்கிழமை. அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டிவிட்டது, நமக்குப் பிற்பகல். தேக்கா உணவுக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். தட்டில் இருந்த பிரியாணியை அவர் தொடவே இல்லை. அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸுக்குப் பென்சில்வேனியா கையைவிட்டுப் போயிருந்தது.

அதே நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, நம்ம கமலா மறுபடி நிப்பாங்களா? நின்னா ஜெயிப்பாங்களா?" நின்று பேச நேரமில்லாததால் அன்றைக்கு மழுப்பிவிட்டேன். இப்போது யோசித்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கமலா ஹாரிஸுக்கு 226 தேர்வாளர் வாக்குகள், டிரம்ப்புக்கு 312. ஊசலாடும் மாநிலங்கள் ஏழும் டிரம்ப் பக்கம் போயின. பார்க்கப் படுதோல்வி மாதிரி தெரியும். ஆனால் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் பிடித்திருந்தால் 19, 15, 10 என்று 44 கூடி, வெற்றிக்குத் தேவையான 270 சரியாக வந்திருக்கும். அந்த மூன்றிலும் சேர்த்து அவர் பின்தங்கியது ஏறத்தாழ 230,000 ஓட்டுகள்தான். ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று: எதிர்க்கட்சிக்குப் போட்டுப் பழகியவர்களிடம் போய் ஓட்டு வாங்கிக் காட்டியவர் யார்? மேடையில் யார் நன்றாகப் பேசுகிறார் என்பதெல்லாம் அப்புறம்தான்.

சிங்கப்பூரில் இருந்து பார்க்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே 2022-இல் ஆளுங்கட்சியின் அடுத்த தலைவர் யார் என்று 19 பேரிடம் தனித்தனியே கருத்துக் கேட்டார்கள். அதில் 15 பேர் லாரன்ஸ் வோங் என்றார்கள், அடுத்த தலைவர் முடிவானார். நம் அதிபர் தேர்தலிலோ வேட்பாளர் கட்சி உறுப்பினராகவே இருக்கக் கூடாது. அங்கே அப்படி இல்லை. மாநிலம் மாநிலமாக மக்களே ஓட்டுப் போட்டுக் கட்சியின் வேட்பாளரைப் பொறுக்குகிறார்கள். ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தில் 15 விழுக்காட்டைத் தொடாதவருக்கு, கட்சி மாநாட்டில் அவருக்கு ஓட்டுப் போடும் பேராளர்களே கிடைப்பது கடினம். அதனால் பத்துப் பேர் கிளம்பினாலும் மூன்றாவது மாநிலத்துக்குள் பாதிப் பேர் வீடு திரும்பிவிடுவார்கள்.

சரி, கமலா. துளசேந்திரபுரம் கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. தாத்தா கோபாலனின் ஊர் அது. 2020-இல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது "சித்தி" என்ற சொல்லை அவர் உச்சரித்ததும் இங்கே எத்தனை வீடுகளில் கண் கலங்கியது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீடும் அதில் ஒன்று. 2021 ஆகஸ்டில் சிங்கப்பூர் வந்தார். ஓர் ஆர்க்கிட் மலருக்கு அவர் பெயரைச் சூட்டினோம். சாங்கி கடற்படைத் தளத்துக்குப் போனார், கரையோரப் பூந்தோட்டத்தில் தென்கிழக்காசியா பற்றிப் பேசினார். ஜனநாயகக் கட்சியில் இப்போது பேசப்படும் பெயர்களில் நம் வட்டாரத்தோடு இத்தனை நெருக்கம் வேறு யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனாலும் என் அளவுகோலை வைத்தால் அவர் தேறவில்லை, இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 2024-இல் அவருக்குக் கிடைத்தது 107 நாட்கள். பைடன் ஜூலை 21 வரை விலகாமல் இருந்தது அவருக்குச் செய்த அநியாயம். அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019-ஐ என்ன செய்வது? அப்போது நேரமும் இருந்தது, தொடக்கத்தில் பணமும் இருந்தது. ஒரு மாநிலம்கூட ஓட்டுப் போடுவதற்கு முன்பே, டிசம்பரில், விலகிவிட்டார். கலிபோர்னியாவுக்கு வெளியே தனியாக நின்று அவர் ஒரு தேர்தலிலும் வென்றதில்லை. மறுபடி நின்றால் ஒவ்வொரு விவாதமும் 2024-ஐப் பற்றியே இருக்கும். பாசம் வேறு, ஓட்டு வேறு.

அதே கலிபோர்னியாவில் இருந்து வருகிறவர் ஆளுநர் கேவின் நியூசம். சண்டைக்காரர். 2021-இல் அவரைப் பதவியிறக்க நடந்த வாக்கெடுப்பில் சுமார் 62 விழுக்காட்டினர் அவர் பக்கம் நின்றார்கள். டெக்சாஸ் தன் தொகுதி எல்லைகளைக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியபோது, 2025 நவம்பரில் கலிபோர்னியாவிலும் எல்லைகளை மாற்ற மக்களிடமே கேட்டு அனுமதி வாங்கினார். மற்றவர்கள் அறிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது காரியம் செய்தவர் என்பதால் கட்சித் தொண்டர்களிடம் அவருக்கு மவுசு அதிகம். உட்கட்சித் தேர்தல் நாளைக்கே நடந்தால் அவர் முன்னணியில் இருப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இந்த வெற்றிகள் எல்லாம் தன் கட்சிக்காரர்கள் நிறைந்த மாநிலத்தில் வந்தவை. கோவிட் கட்டுப்பாட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, 2020 நவம்பரில் ஆடம்பர உணவகத்தில் விருந்துண்ட படமும் இருக்கிறது. மிச்சிகன் கார்த் தொழிலாளி முன்னால் அந்தப் படத்தை எதிர்த்தரப்பு எத்தனை முறை காட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த இருவரை நான் இரண்டு பாலங்களை வைத்து அளக்கிறேன். நான் வேலை பார்ப்பது கப்பல் துறையில், அதனால் இருக்கலாம்.

2024 மார்ச் 26, நமக்கு மதியம் ஒன்றரை மணி. அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு சக ஊழியர் கைப்பேசியை நீட்டினார். பால்ட்டிமோரில் 'டாலி' என்ற கப்பல் பாலத் தூணில் மோதுகிறது, சில நொடிகளில் முழுப் பாலமும் தண்ணீருக்குள் மடிகிறது. கப்பலில் பறந்தது சிங்கப்பூர்க் கொடி, மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். பாலத்தின் மேல் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் பீட் பூட்டஜெஜ். அதன்பின் வந்த நாட்களில் அவர் பேசியதைத் தொடர்ந்து கேட்டேன். தெரிந்ததை மட்டும் சொன்னார், கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார். ஜூன் 10-ஆம் தேதி துறைமுகக் கால்வாய் முழுமையாகத் திறந்தது. எதிரணித் தொலைக்காட்சிக்கே போய் உட்கார்ந்து நிதானமாக வாதாடும் துணிச்சலும் அவருக்கு உண்டு. ஆனால் சொந்தமாக வென்ற பெரிய பதவி என்றால், சுமார் 100,000 பேர் வாழும் சவுத் பெண்ட் நகரின் மேயர் பதவிதான். 2020-இல் அயோவாவில் நூலிழையில் முந்தினார், தென் கரோலினாவில் 10 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. கறுப்பின மக்கள் கைகொடுக்காமல் இந்தக் கட்சியில் யாரும் கரையேற முடியாது. அதே தென் கரோலினாதான் அந்த ஆண்டு பைடனைத் தூக்கி நிறுத்தியது.

இன்னொரு பாலம் பிலடெல்பியாவில். 2023 ஜூன் 11-இல் பெட்ரோல் லாரி தீப்பிடித்து, ஐ-95 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி சரிந்தது. மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷப்பீரோ இரவு பகலாக வேலையை நடத்தினார். பழைய கண்ணாடியிலிருந்து செய்த எடை குறைந்த ஜல்லியைக் கொட்டி இடைவெளியை நிரப்பினார்கள். வேலை நடப்பதை யார் வேண்டுமானாலும் 24 மணி நேரமும் இணையத்தில் பார்க்கலாம் என்று திறந்து வைத்தார்கள். 12 நாளில் வண்டிகள் ஓடின. தற்காலிகச் சாலைதான், பால்ட்டிமோர் அளவுக்கு அது பெரிய விபத்தும் இல்லை. ஆனாலும் அரசாங்கம் சொன்ன வேலையைச் செய்யும் என்று சாதாரண மனிதன் கண்ணால் பார்த்தான். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2022-இல் ஷப்பீரோ வென்றது ஏறக்குறைய 15 விழுக்காட்டு வித்தியாசத்தில், அதுவும் இரண்டே ஆண்டில் டிரம்ப் பக்கம் சாய்ந்த மாநிலத்தில். குறை இல்லாதவர் அல்ல. காஸா விஷயத்தில் இளையவர்களுக்கும் இடதுசாரிகளுக்கும் அவர் மேல் கடும் கோபம் உண்டு, அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரலாம் என்றதை ஆசிரியர் சங்கங்கள் மறக்கவில்லை. 2025 ஏப்ரலில், யூதர்களின் பாஸ்கா பண்டிகை இரவில், குடும்பத்தோடு அவர் தூங்கிக்கொண்டிருந்த ஆளுநர் மாளிகைக்கு ஒருவன் தீ வைத்தான். அதையும் தாண்டி மறுநாள் நின்று பேசினார்.

கென்டக்கியின் ஆண்டி பெஷியரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. டிரம்ப் 30 விழுக்காட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கும் மாநிலத்தில் இருமுறை ஆளுநரானவர், 2019-இல் வெறும் 5,000 ஓட்டில், 2023-இல் 5 விழுக்காட்டில். என் அளவுகோலில் ஷப்பீரோவுக்கு அடுத்து இவர்தான். மிச்சிகனின் கிரெட்சன் விட்மரும் தேறுவார். அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் கூட்டம் சேர்ப்பதில் எல்லோரையும் மிஞ்சுவார், வாடகை கட்டத் திணறுபவர்களின் வலியை அவரைப் போலப் பேச இந்த வரிசையில் ஆள் இல்லை. ஆனால் நியூயார்க்கின் ஒரு தொகுதியைத் தாண்டி இன்னும் அவர் வென்று காட்டவில்லை.

நம் வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். அமெரிக்காவுடன் நமக்குத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2004 முதல் இருக்கிறது. நாம் அவர்களுக்கு விற்பதைவிட அவர்களிடம் வாங்குவதே அதிகம். அப்படியும் 2025 ஏப்ரலில் 10 விழுக்காடு வரி போட்டார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சீனா மேல் டிரம்ப் போட்ட வரியைப் பைடன் அப்படியே வைத்திருந்தார். நம் கமலாவே 2020-இல் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து செனட்டில் ஓட்டுப் போட்டவர். போட்ட கையெழுத்தை மதிக்கும் ஒருவர் வந்தால் போதும்.

நண்பருக்கு என் பதில்: கமலா நின்றால் மனசு அவர் பக்கம்தான் போகும், ஆனால் கட்சி நிறுத்த வேண்டியது ஷப்பீரோவை. இது சரியா என்று பார்க்க 2028 வரை காத்திருக்கத் தேவையில்லை. பென்சில்வேனியா ஆளுநர் தேர்தல் 2026 நவம்பர் 3, எண்ணிக்கை வருவது நமக்கு மறுநாள் புதன்கிழமை. அங்குள்ள ஈரி, நார்தாம்ப்டன் என்ற இரண்டு கவுண்டிகளை, அதாவது மாவட்டங்களை, மட்டும் பாருங்கள். 2022-இல் ஷப்பீரோ இரண்டையும் வென்றார், 2024-இல் இரண்டும் டிரம்ப்புக்குப் போயின. அவை ஷப்பீரோவிடம் திரும்பி வந்தால், அன்றைக்குத் தேக்காவில் பிரியாணி என் கணக்கு.